ரவையும் வெகுமதியும்: வடமாகாண யானை வேட்டையின் வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

வேட்டைக்கு எந்தத் துவக்கு, அதற்கு எந்த ரவை என்னும் வினா பொழுதுபோக்காளரின் வினாவாகவே பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், ஒரு சமுதாயம் ஒரு விலங்கை எதற்காகக் கொன்றது, யாருடைய நலனுக்காகக் கொன்றது என்பவற்றை அறிய முயலும் வரலாற்று மாணவனுக்கு இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. விலங்கின் மீது ஆட்சியாளர் வைத்த மதிப்பே ரவையின் தன்மையையும் தீர்மானித்தது என்பதை, யாழ்ப்பாணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஆளப்பட்ட வடபகுதியின் யானைகளை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையுமில்லை, பெருங்காடுமில்லை. எனினும் அதன் பொருளாதார வரலாற்றில் யானைக்கு முக்கியமான ஓரிடமுண்டு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே நடைபெற்றுவந்த யானை வாணிகத்தைத் தமது இறைவரியின் முக்கிய கூறாக வளர்த்தனர். வன்னிக்குறுநில மன்னர் யானைகளைத் திறையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். காடுகளிற் பிடிபட்ட யானைகள் கடனீரேரியின் ஆழங்குறைந்த பகுதியினூடாகக் குடாநாட்டினுள் கொண்டுவரப்பட்டன. ஆனையிறவு என்னும் இடப்பெயர் இவ்வரலாற்றின் எச்சமாக இன்றும் நிலைத்துள்ளது. யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற விற்பனையில் கோல்கொண்டா முதலிய பகுதிகளின் வணிகர் அவற்றை வாங்கினர். ஊர்காவற்றுறையிலிருந்து அவை கப்பலேறின.

இவ்வாணிகத்தில் ரவைக்கு இடமிருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது. உயிரோடும் ஊனமின்றியும் இருக்கும் யானைக்கே விலையுண்டு; காயமொன்று பட்டாலும் விலை வீழும். எனவே இங்கு மதிக்கப்பட்ட கருவி துவக்கன்று, கயிறே. மான்தோலாற் திரிக்கப்பட்ட கயிற்றைக் கொண்டு காட்டுயானையின் பின்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணிக்கும் பணிக்கரின் திறனை, 1859 இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் எமர்சன் ரெனன்ற் விரிவாக விவரித்துள்ளார். வடக்கிலும் வடகிழக்கிலுமிருந்த முஸ்லிம் கிராமங்களே அவர்களது வாழிடங்கள் என்றும் அவர் குறிப்பிடுகின்றார். அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. பிடித்தவரின் உழைப்புக்கும் பெற்றவரின் இலாபத்துக்குமிடையே பெரும் இடைவெளி இருந்தது. ஆயினும் யானை உயிருடனிருப்பதிலேயே ஆட்சியின் நலன் தங்கியிருந்தது என்பது மறுக்கவியலாதது.

1796 இற்குப் பின் நிலைமை மாறிற்று. தென்னிந்திய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கும்பினியாட்சிக்கு உட்பட்டமையால் யானையின் பழைய சந்தை சுருங்கியது. 1803 இல் பண்டாரவன்னியனின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின் வன்னியரின் அதிகாரமும் திறைமுறையும் மறைந்தன. 1833 இல் உருவாக்கப்பட்ட வடமாகாணம் யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து ஆளப்பட்டது. வன்னியும், 1873 வரை நுவரகலாவியவும் அதனுள் அடங்கியிருந்தன. புதிய ஆட்சிக்கு வேண்டியிருந்தது நிலவரியும் விளைச்சலும் பாதைகளுமேயாம். அந்நோக்கில் யானை வருவாய் தரும் பொருளாக அன்றிப் பயிரழிக்கும் பகையாகத் தோன்றியது. இலங்கை யானைகளுள் தந்தமுடைய கொம்பன்கள் மிகச் சிலவே. ஆதலால் தந்தத்தின் பொருட்டுக்கூட அதனைப் பேணவேண்டிய தேவை எழவில்லை.

விளைவு என்ன? கொல்லப்பட்ட ஒவ்வொரு யானைக்கும் சில சிலிங் வெகுமதி வழங்கப்படலாயிற்று. 1848 இற்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 இற்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு அழிக்கப்பட்டன என ரெனன்ற் எழுதுகின்றார். அவர் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவராதலின், இக்கூற்றை வேட்டைக்காரரின் வீம்புரையாகத் தள்ளிவிட முடியாது. 2011 இல் நடைபெற்ற கணக்கெடுப்பின்படி இலங்கை முழுவதிலுமிருந்த யானைகளின் தொகை 5,879 ஆகும். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கின் அழிவின் பரிமாணம் தெளிவாகும்.

இதே காலத்திலேதான் ரவை பற்றிய ஆராய்ச்சியும் இலங்கைக் காடுகளிற் தீவிரமடைந்தது. 1846 இல் இலங்கை வந்து 1855 இல் நீங்கிய சாமுவேல் பேக்கர், 1854 இல் வெளியிட்ட தமது வேட்டை நூலிலும் பின்னைய எழுத்துகளிலும் இதனைப் பெரிதும் விவாதித்துள்ளார். யானையின் தலையின் பருமனோடு ஒப்பிடுகையில் அதன் மூளை சிறியது. அதனைச் சூழ்ந்துள்ள மண்டையோடு தேன்கூடு போன்ற கண்ணறைகளையுடைய தடித்த எலும்பாலானது. தூய ஈயக்குண்டு மென்மையானதால் எலும்பிற் பட்டதும் தட்டையாகி ஆற்றலிழக்கும், அன்றேல் வழிவிலகும். எனவே ஈயத்துடன் தகரம் அல்லது பாதரசம் கலந்து குண்டைக் கடினமாக்கும் முறை கையாளப்பட்டது. பேக்கருக்கெனச் செய்யப்பட்ட ஒற்றைக்குழல் றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. அது 4 அவுன்சு எடையுள்ள கூம்புக்குண்டை ஓர் அவுன்சு வெடிமருந்தாற் செலுத்தவல்லது.

இவ்விடத்தில் நீலகிரியுடன் ஓர் ஒப்பீடு பயன்தரும். அங்கு ஆங்கிலேயர் வேட்டையாடிய வரையாட்டை அவர்கள் காட்டாடு என்றே கருதினர். அது செம்மறியினத்துக்கே நெருங்கியதென 2005 இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியுள்ளது. கூரிய பார்வையுடைய அம்மலைவிலங்கை நெருங்குவது அரிது. பாறை விளிம்பிற் காயப்பட்டால் அது பள்ளத்துள் வீழ்ந்து மறையும். ஆகவே தொலைவிலிருந்து நேர்கோட்டிற் பாய்ந்து உடலினுள் விரிந்து உடன் வீழ்த்தும் இலேசான ரவை அதற்கு உகந்ததாயிற்று. முனையிற் குழிவுள்ள குண்டும் அதன் எடைக்கு மிஞ்சிய மருந்துமுடைய ‘எக்ஸ்பிரஸ்’ றைபிள்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய தேவைக்கே பயன்பட்டன. யானைக்கோ பத்துப் பதினைந்து அடி எடுத்துவைக்கும் தூரத்திலிருந்து எலும்பைத் துளைக்கும் கனமான, விரியாத குண்டு வேண்டும். இரண்டிலும் ஒருமித்துக் காணப்படும் அம்சம் ஒன்றுண்டு. இரவைத் தேர்வதற்கான ஓய்வும் செல்வமும் உடையவனே இவ்வேட்டையின் நாயகனாவான்.

துவக்குகளைச் சுமந்து, சுட்டபின் வெறுமையானதை வாங்கி நிரம்பியதை நீட்டி, யானை திரும்பும் கணத்தில் அருகே நின்ற உள்ளூர்ச் சுமையாளர் இந்நூல்களிற் பெரும்பாலும் துணைப்பாத்திரங்களாகவே வருகின்றனர். பதுளையிற் பதவி வகித்த மேஜர் றொஜேர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றாரென்பதும், 1845 இல் அப்புத்தளையில் இடிவீழ்ந்து மாண்டாரென்பதும் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன. அவருக்குத் துவக்கு நிரப்பிக் கொடுத்தோர் யார் என்பதை எவரும் பதிந்துவைக்கவில்லை.

வடமாகாணத்தின் 3,500 யானைகளை இத்தகைய சில கனவான்கள் மட்டும் வீழ்த்தியிருத்தல் இயலாது. அவற்றுட் பெரும்பகுதி, சில சிலிங்குக்காகக் காட்டிற் காத்திருந்த உள்ளூர் வறியவரின் கைகளாலேயே அழிந்திருத்தல் வேண்டுமெனக் கருதுகின்றோம். அவர்களுக்குப் பாதரசம் கலந்த குண்டும் இல்லை, இரண்டாவது துவக்கும் இல்லை. இடியன் துவக்கும் கையில் அகப்பட்ட ஈயமுமே அத்தகையோரின் படைக்கலம். அத்தகைய ரவை பட்ட யானை உடன் வீழ்வதில்லை; காயத்தோடு காட்டினுட் சென்று நாட்கணக்கில் வருந்தி இறப்பதே பெரும்பாலும் நிகழ்வது. அவ்வாறு மறைந்து இறந்தவற்றுக்கு வெகுமதியுமில்லை, கணக்குமில்லை.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1891 இல் உரிமமின்றி யானையைக் கொல்வது தடைசெய்யப்பட்டது. 1894 இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றின் தேவையை நாம் மறுக்கவில்லை. இவையின்றேல் எஞ்சிய யானைகளும் எஞ்சியிரா. ஆனால் இவை நிகழ்த்திய கருத்துமாற்றத்தையும் காணல் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன் வெகுமதி பெற்ற அதே செயல் இப்போது குற்றமாயிற்று. உரிமப் பணம் செலுத்தக்கூடியவன் வேட்டைவீரன். செலுத்த இயலாதவன் திருட்டு வேட்டைக்காரன். வெகுமதியை அறிவித்த ஆட்சியோ காவலனாக வேடம் மாற்றிக்கொண்டது.

2023 ஆம் ஆண்டில் இலங்கையில் 400 இற்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. வயலையும் வாழையையும் காக்க முனைந்த கமக்காரரின் துவக்கும் மின்வேலியும் அவ்விறப்புகளின் காரணங்களுட் சேரும். யானையால் மனிதரும் ஆண்டுதோறும் மடிகின்றனர். இதனைக் கிராமத்தவரின் அறியாமையென்றும் கொடுமையென்றும் நகரங்களிலிருந்து தீர்ப்புக் கூறுவோர், யானையைப் பகையென முதன்முதலிற் பிரகடனஞ்செய்து அதன் உயிருக்கு விலைகுறித்த கச்சேரியின் கணக்கேட்டையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கமக்காரனுக்கு விளைச்சலின் இழப்பை ஈடுசெய்து, காட்டின் ஊடுவழிகளை மீட்டுக் கொடுக்கும் பொறுப்பு அக்கணக்கின் வாரிசான அரசினுடையது. அப்பொறுப்பு நிறைவேறாதவரை வயலோரத்து இடியனை மட்டும் குற்றஞ்சாட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.