காவற்கொட்டிலில் பிறந்த பாட்டுகள்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரண்மனை வாயிலால் நுழைந்தனர். அல்லது ஆங்கில அதிகாரியின் அலுவலக வாயிலால் நுழைந்தனர். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியதை நாம் அறிவோம். 1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேட்டை மேற்கோள் காட்டவும் தயங்குவதில்லை. ஆனால், குளத்தின் கீழ் வயல் செய்தவன் என்ன பாடினான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கேட்டவர்களுள் ஒருவர் மெற்றாஸ்மயில். அவர் தொகுத்த ‘வன்னிவள நாட்டுப் பாடல்கள்’ 1980இல் முல்லைத்தீவு மாவட்டக் கலாசாரப் பேரவையின் வெளியீடாக வந்தது. தமிழகத்தில் நா. வானமாமலை 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தந்தார், ஈழத்தில் சு. வித்தியானந்தன் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அவ்விழிப்பின் வரிசையிலேயே இந்நூலையும் வைக்க வேண்டும்.

பள்ளு என்றதும் நமக்கு முக்கூடல் நினைவுக்கு வரும். வன்னியின் பன்றிப்பள்ளும் குருவிப்பள்ளும் வேறு சாதி. காட்டுக்கும் வயலுக்கும் இடையே ஒரு வேலி மட்டுமே நிற்கும் நாட்டில், இரவிற் பன்றியும் பகலிற் குருவியும் விளைச்சலில் பங்கு கேட்டு வரும். அவற்றை விலக்கிப் பயிர் காக்கப் பாடியவை இவை. இங்கே பாட்டு பொழுதுபோக்கன்று. அதுவும் ஓர் உழவுக் கருவி. (நிலவுடைமையாளனும் பங்கு கேட்டு வந்தான். அவனை விரட்டும் பள்ளு எதுவும் நம் கண்ணிற் படவில்லை!)

இவற்றினும் நம்மை உலுக்குவது வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தை மீது எழுந்த ஒப்பாரி. ஆண்கள் அஞ்சி நின்ற யானையை அவள் பிடித்துக் கட்டினாள். பொறாமை அவளை நஞ்சிட்டுக் கொன்றது. எந்தச் செப்பேடும் சொல்லாத பெண்ணை ஒப்பாரி மறக்கவில்லை. அருணா செல்லத்துரையின் ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னும் கூத்தில் அவள் மறுபடி எழுந்தாள்.

சூடு மிதித்த மாடுகளின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தபோதே களத்துப் பாட்டு மெலிந்துவிட்டது. பின்னர் போர் வந்தது. 2009இல் வன்னி மக்கள் ஊரையும் வயலையும் இழந்து செட்டிகுளத்து முகாம்களிற் கம்பிவேலிக்குள் அடைபட்டனர். காக்க வயலில்லாத இடத்தில் பன்றிப்பள்ளை யார் பாடுவார்?

சொற்களை அச்சு காத்தது. மெட்டை அச்சால் முழுமையாய்க் காக்க இயலாது. ஹங்கேரியில் பார்டோக் 1906ஆம் ஆண்டு முதல் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து உழவர் குடிசைகளுக்குச் சென்றார். இன்று அக்கருவி ஒவ்வோர் ஆசிரியரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ அம்மெட்டை அறிந்த முதியவர் ஒருவர் இருப்பின், அடுத்த காலபோகம் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.