கஞ்சாப் பித்து: ஒரு பதிவேட்டுச் சொல்லின் வரலாறு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. அய்யனார் கோவில் மலையடிவாரத்திற்கு மாலை வேளைகளில் செல்வோரும் வீட்டிற்குள் அடங்கினர். அவ்வாண்டு ரமளானின் தராவீஹ் தொழுகையை வீடுகளிலேயே நிறைவேற்றினோம். தமிழகப் பள்ளிவாசல்கள் முழுமையாகத் திறக்கப்பட்டது செப்டம்பர் 1 அன்றுதான். தனிமையிலும் வேலையிழப்பிலும் மனம் குலைந்த இளைஞரைக் குறித்து நம்மிடையே பேச்சு எழுந்தபோதெல்லாம், 'கஞ்சா' என்ற ஒரே சொல்லோடு விசாரணை முடிந்துவிட்டது.

அச்சொல்லால் விசாரணையை முடித்துக்கொள்வது நம் காலத்து வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கஞ்சா உரிமம் பெற்ற கடைகளில் சட்டப்படி விற்கப்பட்டது. அரசுக்கு அதில் வருவாயும் இருந்தது. அது மக்களைப் பித்தராக்குகிறது என்ற குற்றச்சாட்டு இலண்டன் நாடாளுமன்றம் வரை சென்றது. அதன் பயனாய் 1893இல் ஏழு உறுப்பினர் கொண்ட ஆணையம் அமைந்தது, மூவர் இந்தியர். ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மனநோய் விடுதிகளின் 1892ஆம் ஆண்டுப் பதிவேடுகளையும் ஆராய்ந்தது. அவ்வாண்டு சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் என எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் துருவியபோது 98 மட்டுமே தேறின. காவலர் அனுப்பிய தாளில் இருந்ததை விடுதியார் அப்படியே படியெடுத்திருந்தனர். குடும்பத்தாரிடம் கேட்டவர் அரிது. எனினும் 98 என்பதும் சிறு எண்ணன்று. தீங்கே இல்லை என்பார் இதையும் கருத வேண்டும்.

மார்க்கத்தின் நிலையில் நமக்கு ஐயமில்லை. போதை தருவது ஹராம். நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் இமாம் ஸர்கஷீ (ரஹ்), ஹஷீஷ் விலக்கப்பட்டது என்பதற்கெனத் தனி நூலே இயற்றினார். அவர் வாழ்ந்த அதே கெய்ரோவில், 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. ஹராம் என்று சொன்ன சமூகமே நோயாளியையும் ஏற்றுக்கொண்டது. அறிவு தெளியும்வரை பித்தரின் செயல்களை எழுதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற நபிமொழியின் கருத்தை நம் மதரசாக்களில் பயிலாதவர் யார்?

பெருந்தொற்றின்போது உலகம் ஒரே வழியில் நடக்கவில்லை. தமிழர் திரளாய் வாழும் கனடாவின் ஒண்டாரியோவில், 2020 மார்ச்சில் கஞ்சாக் கடைகள் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தன. ஏப்ரலில் அவை நீக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று, மிகக் கடுமையான போதைப்பொருட்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை விடுவிக்க ஐ.நா. ஆணையம் 27க்கு 25 என்ற கணக்கில் வாக்களித்தது. இந்தியாவின் வாக்கு அந்த 27இல் ஒன்று. ஆயினும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே கஞ்சா குற்றமே. இலை மட்டும் அச்சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வாராது.

நமக்கு இவற்றினும் அண்மையிலுள்ளது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி அழைத்து வரப்படுவோரை நம்பியே அத்தகைய காப்பகங்கள் அவ்வூரில் பெருகியிருந்தன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. அதே சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் நேரும் மனக்குலைவையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. காரணம் கஞ்சாவே ஆயினும், அந்த இளைஞருக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு.