குழந்தைக்கு முதலில் எதைக் கற்பிப்பது?

வீட்டில் ஒரு குழந்தைக்கு ஐந்து வயது நிரம்பிவிட்டால் பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. எதை முதலில் கற்பிப்பது? திருமறையா, தாய்மொழியா, கணக்கா, பிறமொழியா? எதை எந்த வயதில் தொடங்குவது? ஒரு நாளில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பது? பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் பெற்றோரும் இதைக் கேட்கின்றனர். வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க முனையும் பெற்றோர் இன்னும் மிகுந்த கவலையோடு கேட்கின்றனர். ஆயத்தமான பாடத்திட்டங்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. மலிந்திருப்பதனாலேயே அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது கடினமாகிவிட்டது.

முன்னோர் காலத்தில் ஒரே ஒரு பாடமுறைதான் இருந்தது என்றும், அதை விட்டு விலகியதே இன்றைய குழப்பத்திற்கெல்லாம் காரணம் என்றும் எண்ணுவோர் நம்மிடையே உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னரே முஸ்லிம் உலகில் நாட்டுக்கு நாடு குழந்தைக் கல்வியின் வரிசை வேறுபட்டிருந்தது. அவ்வேறுபாட்டைக் கூர்ந்து கண்டு, எந்த முறை எதைத் தந்தது, எதைப் பறித்தது என்று எடை போட்டு எழுதிவைத்த பேரறிஞர் ஒருவர் இருக்கிறார். அவரே இப்னு கல்தூன்.

நான்கு நாடுகள், நான்கு வழிகள்

இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732-இல், கி.பி. 1332-இல், தூனிஸ் நகரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் அந்தலூஸ் நாட்டு இஷ்பீலியாவில் வாழ்ந்தவர்கள். 1248-இல் அந்நகர் கிறித்தவ அரசின் வசமாகும் முன்பே கடல் கடந்து வந்தவர்கள். இளமையிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த இப்னு கல்தூன், பாஸ் நகரிலும் கிரானடாவிலும் அரசவைகளில் பணியாற்றினார். பின்னர் அரசியல் அலைகளிலிருந்து ஒதுங்கி, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஒரு கோட்டையில் தங்கி, 1377-இல் தம் புகழ்பெற்ற முகத்திமாவை எழுதி முடித்தார். அந்நூலில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறைகளைப் பற்றித் தனியே ஓர் இயல் உண்டு.

குழந்தைக்குத் திருக்குர்ஆனைக் கற்பிப்பது எங்கும் முஸ்லிம்களின் அடையாளமாக இருக்கிறது என்று அவர் தொடங்குகிறார். இளமையில் பதிவது ஆழமாகப் பதியும். பின்னால் எழும் கட்டடம் முதலில் இட்ட அடித்தளத்தையே ஒத்திருக்கும் என்கிறார். அடித்தளம் திருமறை என்பதில் எல்லா நாட்டினரும் ஒன்றுபட்டனர். அதனோடு எதைச் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது என்பதிலேதான் வேறுபட்டனர்.

மக்ரிப் நாட்டினர் திருக்குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். அதன் எழுத்து முறையையும் ஓதல் வேறுபாடுகளையும் நுணுக்கமாகச் சொல்லிக் கொடுத்தனர். அதில் தேர்ச்சி பெறும் வரை ஹதீஸோ, பிக்ஹோ, கவிதையோ, மொழி இலக்கணமோ வகுப்பில் இடம்பெறவில்லை. அந்தலூஸ் நாட்டினரோ எழுதப் படிக்கக் கற்பதையே நோக்கமாகக் கொண்டனர். திருமறையை அடிப்படையாக வைத்து, அதனுடன் கவிதை, கடிதம் வரைதல், அரபு இலக்கண விதிகள் ஆகியவற்றையும் கலந்து கற்பித்தனர். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையெழுத்தில் கண்ணாயிருந்தனர்.

இன்றைய தூனிஸியாவை உள்ளடக்கிய இப்ரீகிய்யாவில் திருமறையோடு ஹதீஸும் சில அடிப்படைக் கலைகளும் சேர்ந்து வந்தன. கிழக்கு நாடுகளிலும் கலப்பு முறையே நிலவியது; ஆனால் கையெழுத்து அங்கே குழந்தைப் பள்ளியின் பாடமன்று. அழகுற எழுத விரும்புவோர் பிற்காலத்தில் அதற்கென உள்ள ஆசான்களிடம் ஒரு கைத்தொழிலைப் போலப் பயின்றனர். கிழக்கைப் பற்றித் தாம் கேள்வியுற்றதையே எழுதுவதாக அவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அவர் எகிப்து சென்றது 1382-இல்தான்.

இவ்விடத்தில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இப்ரீகிய்யாவின் முறை அந்தலூஸின் முறைக்கு ஏன் நெருங்கியிருந்தது? அந்தலூஸின் நகரங்கள் வீழ்ந்தபோது அங்கிருந்து வெளியேறிய அறிஞர்கள் தூனிஸில் குடியேறினர். அந்நகர்ப் பிள்ளைகள் அவர்களிடம் பயின்றனர் என்கிறார் இப்னு கல்தூன். மனிதர் குடிபெயரும்போது அவர்தம் கற்பிக்கும் முறையும் உடன் குடிபெயர்கிறது. புகுந்த நாட்டு வழக்கத்தோடு கலந்து புதிய உருவம் பெறுகிறது.

பெற்றதும் இழந்ததும்

நான்கு வழிகளையும் விவரித்ததோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றின் விளைவையும் நிறுத்துப் பார்த்தார்.

திருமறையை எழுத்துப் பிழையின்றி எழுதுவதிலும் மனனம் செய்வதிலும் மக்ரிப் நாட்டினரே முன்னணியில் நின்றனர். ஆயினும் மொழியாட்சி அவர்களுக்குக் குறைவாகவே வாய்த்தது. திருமறையின் நடை மனிதரால் பின்பற்ற இயலாதது. ஆகவே அதை மட்டுமே பயிலும் பிள்ளைக்குத் தானாகப் பேசவும் எழுதவும் முன்மாதிரி கிடைப்பதில்லை என்று அவர் காரணம் காட்டினார். இடையில் நின்றுவிடும் பிள்ளை, பெரும்பாலும் கல்வி முழுவதையுமே கைவிட்டு நின்றுவிடுவதையும் குறிப்பிட்டார். அந்தலூஸ் பிள்ளைகளோ கவிதையிலும் உரைநடையிலும் சிறந்தனர்; ஆனால் திருமறையிலும் ஹதீஸிலும் பயிற்சி குறைந்ததால் மற்றக் கலைகளில் பின்தங்கினர்.

குறையில்லாத பாடமுறை என்று அவர் ஒன்றையும் காட்டவில்லை. சிறுவயதின் நேரம் அளவுக்குட்பட்டது. ஒன்றுக்கு மிகுதியாகக் கொடுத்தால் இன்னொன்றுக்குக் குறைத்தே ஆகவேண்டும்.

இப்னுல் அரபியின் மாற்று

இவ்வியலில் இன்னோர் அறிஞரின் கருத்தையும் இப்னு கல்தூன் எடுத்தாள்கிறார். அவர் இஷ்பீலியாவின் காஜியாக விளங்கிய அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்). 1076-இல் பிறந்து 1148-இல் மறைந்தவர். கிழக்கு நாடுகளுக்குப் பயணம் செய்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் பாடம் கேட்டவர். ஞானி முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்கள் வேறு, இவர் வேறு என்பதை வாசகர் நினைவிற் கொள்வது நலம்.

காஜி இப்னுல் அரபி சொன்ன வரிசை இது: முதலில் மொழியும் கவிதையும், அடுத்துக் கணக்கு, அதில் விதிகளை அறியும் அளவு பயிற்சி, அதன் பின்னரே திருக்குர்ஆன். இந்த ஆயத்தத்தோடு வரும் பிள்ளைக்குத் திருமறை எளிதாகும் என்றார். பொருள் புரியாத பருவத்தில் வேதத்தை ஓத வைப்பதைக் கண்டு வருந்தினார். திருமறைக்குப் பின் மார்க்கத்தின் அடிப்படைகள், சட்டக்கலையின் அடிப்படைகள், வாதமுறை, ஹதீஸ் எனத் தொடர வேண்டும் என்றார். மிகுந்த அறிவும் ஊக்கமும் உடைய பிள்ளைக்கன்றி ஒரே நேரத்தில் இரு கலைகளைக் கற்பிக்கலாகாது என்றும் தடுத்தார்.

இவ்வழி மெய்யாகவே சிறந்தது என்று ஒப்புக்கொண்ட இப்னு கல்தூன், ஆயினும் வழக்கம் இதற்கு இடம் கொடுப்பதில்லை, வழக்கத்தின் வலிமை பெரிது என்றார். அந்த வழக்கத்தைக் குருட்டுத்தனம் என்று அவர் தள்ளிவிடவில்லை. அதன் உள்ளிருந்த அச்சத்தை எடுத்துக் காட்டினார். பிள்ளை பெற்றோரின் சொற்படி நடப்பது சிறுவயதில் மட்டுமே. பருவம் எய்திக் கட்டுமீறிப் போனபின் அவனைக் கல்விக்குத் திருப்புவது அரிது. திருமறையைப் பின்னுக்குத் தள்ளினால் அது கைவராமலே அவன் போய்விடக்கூடும். ஆகவே கையிலிருக்கும் காலத்தில், பரக்கத்தையும் நன்மையையும் நாடி, முதலில் அதைக் கற்பித்துவிடுகின்றனர். பிள்ளை இறுதிவரை கற்பான் என்ற உறுதி இருக்குமாயின் காஜியின் வழியே மேலானது என்று அவர் முடித்தார்.

ஒரு சாராரின் அக்கறை பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பது. மறு சாராரின் அக்கறை பிள்ளை இழந்துவிடக்கூடாது என்பது. இரண்டும் அன்பிலிருந்து பிறந்தவையே. இன்றும் நம் இல்லங்களில் கணவனும் மனைவியும், மாமியாரும் மருமகளும் பிள்ளையின் படிப்பைப் பற்றி மாறுபடும்போது, பெரும்பாலும் இவ்விரு அக்கறைகளே எதிரெதிரே நிற்கின்றன.

வீட்டில் கற்பித்தவர்கள்

அக்காலத்தில் செல்வர் இல்லங்களில் பிள்ளைகளுக்கெனத் தனி ஆசிரியர் அமர்த்தும் வழக்கம் இருந்தது. அவருக்கு முஅத்திப் என்று பெயர். அறிவோடு ஒழுக்கத்தையும் பயிற்றுபவர் என்பது அதன் கருத்து. கலீபா ஹாரூன் ரஷீதின் மக்களுக்கு இலக்கண மேதை கிஸாயீ கற்பித்தார். இளவரசர் அமீனின் ஆசிரியருக்குக் கலீபா கூறியதாக ஓர் அறிவுரையையும் இப்னு கல்தூன் தருகிறார். திருமறையோடு வரலாறு, கவிதை, நபிவழி, இடமறிந்து பேசும் திறன் ஆகியவற்றைக் கற்பிக்குமாறும், எந்த நேரத்தையும் பயனின்றிக் கழிக்காதிருக்குமாறும், அதே வேளையில் பிள்ளையின் மனம் சோர்ந்து அறிவு மழுங்கும்படி வருத்தாதிருக்குமாறும் அவ்வறிவுரை கூறுகிறது.

கடுமையைப் பற்றி இப்னு கல்தூன் தனியே எழுதினார். அடியாலும் அச்சத்தாலும் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யையும் வஞ்சத்தையும் கற்றுக்கொள்கிறது. உள்ளத்தில் நினைப்பது ஒன்று, வெளியில் காட்டுவது ஒன்று என்றாகிறது. பிறகு அதுவே அதன் குணமாகிறது என்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ, பாடம் முடிந்தபின் பிள்ளையை நன்றாக விளையாட விடவேண்டும், ஓயாமல் படிக்க வைத்தால் உள்ளம் மடிந்துவிடும் என்று இஹ்யாவில் எழுதினார்கள். இப்னு ஸீனாவின் பெயரால் வழங்கும் ஒரு நூல், பிள்ளை ஆசிரியரோடு தனித்திருந்து கற்பது இருவருக்கும் சலிப்பைத் தரும், பிள்ளைகள் பிள்ளைகளிடமிருந்தே விரைவில் கற்கின்றனர் என்று கூறுகிறது. வீட்டிலேயே கற்பிக்க விரும்புவோர் இந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிடலாகாது. சுற்றத்துப் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் கூடும் நேரமும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியே.

நம் கடற்கரையில் கண்ட வழி

காஜி இப்னுல் அரபியின் வருத்தமும் மக்ரிப் மக்களின் அச்சமும் அரபு நாடுகளிலேயே இவ்வளவு என்றால், அரபு தாய்மொழியல்லாத நம்மவர்க்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்! தமிழ் முஸ்லிம் இல்லங்களில் பிள்ளை முதன்முதல் கற்றது அலிப், பே. ஆனால் வீட்டில் பேசியது தமிழ். ஓதிய எழுத்துக்கும் பேசிய மொழிக்கும் இடையே பெரும் பள்ளம்.

அப்பள்ளத்தின் மேல் நம் முன்னோர் இட்ட பாலமே அரபுத் தமிழ். தமிழை அரபு எழுத்தில் எழுதினர். ட, ண, ள, ப போன்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய வடிவங்கள் ஆக்கிக்கொண்டனர். திருமறைக்காகக் கற்ற அதே எழுத்துகள் தாய்மொழிக்கும் வாயிலாயின. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் இம்முறை தழைத்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை விளக்கும் பத்ஹுத் தய்யான் என்னும் நூலை அரபுத் தமிழிலேயே ஆக்கித் தந்தார்கள். வீட்டுக்கு வெளியே சென்று படிக்காத பெண்மக்கள், தமிழ் நெடுங்கணக்கை அறியாவிடினும் இத்தகைய நூல்களைத் தாமே வாசித்தனர். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினர்.

முதலில் திருமறை என்ற வழக்கம் இங்கே மாறவில்லை. புரிந்து படிக்க வேண்டும் என்ற விருப்பமும் கைவிடப்படவில்லை. வரிசையை மாற்றாமலே அதன் பயனை மாற்றினர். இதுவும் குறையற்றதாக இருக்கவில்லை. அரபுத் தமிழ் மட்டும் அறிந்தவர்க்குத் தமிழ் எழுத்தில் வந்த செய்தித்தாளும் பேரிலக்கியமும் எட்டாமல் போயின. 20-ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்கள் பெருகப் பெருக அரபுத் தமிழ் தேய்ந்தது. ஆயினும் தம் காலத்துப் பிள்ளைக்கு ஏற்றபடி பாடத்தை வளைத்துக்கொண்ட அவர்தம் துணிவு போற்றத்தக்கது.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நம் வீடுகளுக்கு வேண்டியவற்றைத் தொகுத்துக்கொள்வோம். எந்தப் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தாலும், இது நம் பிள்ளைக்கு எதைத் தரும் என்று கேட்பதோடு, எதைத் தராது என்றும் கேட்க வேண்டும். தராததை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். ஒரே நேரத்தில் பலவற்றைத் திணிப்பதை விட ஒன்றில் கால் ஊன்றிய பின் அடுத்ததற்குச் செல்வது நன்று. ஒரு பொருளை முதல்முறை சுருக்கமாகவும், இரண்டாம் முறை விரிவாகவும், மூன்றாம் முறை ஐயமறவும் சொல்ல வேண்டும். பாடங்களுக்கு இடையே மறந்துபோகும் அளவு இடைவெளி விடலாகாது என்பதும் இப்னு கல்தூனின் அறிவுரையே. நூல்களின் எண்ணிக்கை பெருகுவது கல்விக்குத் தடை என்றும் அவர் எழுதினார். பெட்டி பெட்டியாகப் பாடநூல் வாங்கி அடுக்கும் இக்காலத்திற்கு அது மிகவும் பொருந்தும்.

இன்று நம் பிள்ளைகள் சிலர் விடியற்காலையில் ஓதப் போகின்றனர். பகலில் ஆங்கிலத்தில் படிக்கின்றனர். வீட்டில் தமிழில் பேசுகின்றனர். தமிழை எழுதத் தடுமாறுகின்றனர். மூன்று மொழிகளும் மூன்று தனி அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இடையே கதவு திறக்கும் பொறுப்பைப் பாடநூல் எழுதியவர் ஏற்கமாட்டார். ஓதிய சிறு அத்தியாயத்தின் பொருளை அன்றிரவே தமிழில் சொல்லிக் கொடுக்கும் தாயும், அதையே நான்கு வரியில் தமிழில் எழுதச் சொல்லும் தந்தையும் ஏற்கலாம். அந்தலூஸின் அகதிகள் தூனிஸில் செய்ததும், கீழக்கரைப் பெரியோர் அரபுத் தமிழில் செய்ததும் இத்தகைய பணியே.

பாடத்திட்டம் வெளியிலிருந்து வரலாம். பிள்ளையை அறிந்தவர் வீட்டில்தான் இருக்கிறார். முன்னோரைப் பின்பற்றுவது என்றால் அவர்கள் வகுத்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வது மட்டுமன்று. அவர்கள் பிள்ளையைக் கண்டு வரிசை வகுத்தது போல் நாமும் நம் பிள்ளையைக் கண்டு வகுப்பதாகும்.