கரிசல் முடியும் கரை: கடலோர ஆய்வும் பயிற்சியும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரக் கரிசல் பூமி கிழக்கே போகப் போகத் தாழ்ந்து, பனங்காடும் உப்பளமுமாக மாறி, வேம்பாருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் முடிகிறது. கோவில்பட்டியிலிருந்து கடல் நேர்க்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் இது கடலை மறந்து வானத்தைப் பார்த்தே வாழ்ந்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைதான் ஆண்டின் பெரும்பங்கு. அப்போது மட்டும் வைப்பாறும் ஓடைகளும் செங்காவியும் கருப்புமாகக் கலங்கி ஓடிக் கடலைத் தொடும். மற்ற மாதங்களில் ஆறு மணலாகக் கிடக்கும். ஆராய்ச்சியின் வரலாறும் இந்த நிலத்தைப் போலவே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கரிசலுக்கு ஒரு துறை, கடலுக்கு வேறொரு துறை. இரண்டும் சந்திக்கும் கரையை ஒரு பாடமாகப் படிக்கத் தொடங்கியது வெகு பிந்தித்தான்.

நிலத்தின் ஆராய்ச்சி முந்திக்கொண்டதற்குக் காரணம் பருத்தி. மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் ஓடத் தொடங்கியதும் கரிசல் பருத்தி நேராகத் துறைமுகத்துக்குப் போனது. ஹார்வி குடும்பத்தார் தூத்துக்குடியில் நூற்பாலையும் நிறுவினார்கள். அந்த ஆலைக்கு வைத்த பெயர் கோரல் மில், அதாவது பவள ஆலை. கரிசல் பஞ்சை நூலாக்கிய ஆலை கடலின் பெயரைத் தாங்கியிருந்தது ஒரு வேடிக்கை. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய மானாவாரி ஆராய்ச்சி நிலையங்களில் அதுவும் ஒன்று. கருங்கண்ணிப் பருத்தியிலிருந்து அங்கே தேர்ந்தெடுத்த ரகங்கள் ஊரின் முதல் எழுத்தை ஏந்தி கே 7, கே 8 என்று வரிசையாக வெளிவந்தன. சோளத்துக்கும் கம்புக்கும் அதே முத்திரை கிடைத்தது. பாசன வசதியில்லாத நிலத்தில் மழையின் ஒவ்வொரு சொட்டையும் கணக்குப் பார்ப்பதே அந்த நிலையத்தின் நெடுங்காலப் பணி.

கடலில் ஆராய்ச்சியைத் தூண்டியது முத்து வருமானம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி படியும் கடலடிப் பாறைத் தளங்களைக் கடலோடிகள் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. சில ஆண்டுகள் பார் நிறையச் சிப்பி இருக்கும். பிறகு பத்து இருபது ஆண்டுகள் ஒன்றும் இருக்காது. ஏன் என்று அரசுக்குத் தெரியவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889இல் தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேரில் பார்த்து, முத்து, சங்கு, வளைகுடாவின் கடல் உயிர்கள் குறித்து எழுதினார். 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் உருவானது. அதில் சேர்ந்து பின்னாளில் அதன் இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல், சங்கு பற்றி 1914இலும் இந்திய முத்துக்குளிப்பு பற்றி 1922இலும் பெரிய நூல்களை வெளியிட்டார். சங்கு எந்தப் பாரில் எந்தப் பருவத்தில் கிடைக்கும், குளிகாரர் கையாளும் முறை என்ன, வளையலாக வங்கத்துக்குப் போகும் சரக்கு எது என்று கரையில் வாழ்ந்தவர்களின் அறிவையும் சேர்த்துப் பதிந்த நூல்கள் அவை. ஆனால் ஆய்வு பொருளைச் சுற்றியே நின்றது. முத்து வேறு, சங்கு வேறு, மீன் வேறு. கரை என்ற முழு உருவம் யாருடைய கோப்பிலும் இல்லை.

சுதந்திரத்தை ஒட்டி 1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, விரைவில் மண்டபம் முகாமைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. தூத்துக்குடியிலும் அதன் மையம் முத்து, சங்கு ஆய்வுகளில் இறங்கியது. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு தூத்துக்குடிப் பார்களில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவேயில்லை. இயற்கை கைவிரித்ததும் கவனம் வளர்ப்புக்குத் திரும்பியது. ஓட்டப்பிடாரம் பக்கத்து உப்பள ஊரான வேப்பலோடையின் கடலில் மிதவைகள் கட்டி, அவற்றில் சிப்பிக் கூடைகளைத் தொங்கவிட்டார்கள். கே. அழகர்சாமியும் உடனிருந்தவர்களும் 1973இல் அங்கே வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். சிப்பியை லேசாகத் திறந்து, அதன் இனப்பெருக்க உறுப்பில் சின்னக் கீறலிட்டு, ஓட்டுமணி ஒன்றையும் வேறொரு சிப்பியின் மேலுறையிலிருந்து நறுக்கிய தசைத் துண்டையும் ஒட்டியபடி வைக்க வேண்டும். அந்தத் தசைத் துண்டு வளர்ந்து மணியைப் பையாகச் சூழ்ந்துகொள்ளும். பையின் உட்புறம் சுரப்பது மணி மேல் அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகும். கை நடுங்கினால் சிப்பி செத்துவிடும். கலங்கலும் அலையும் நிறைந்த திறந்த கடலில் மிதவைகளைக் காப்பது சிரமமாக இருந்ததால், பிற்பாடு வேலை தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்களுக்குள் நகர்ந்தது. பல மாநிலங்களிலிருந்து ஆட்களை வரவழைத்து இந்த அறுவைக் கலையைச் சொல்லிக் கொடுத்ததுதான் இந்தக் கரையில் முறையான கடல்சார் பயிற்சியின் தொடக்க காலக் கட்டம் எனலாம்.

இதற்குச் சற்று முன்னால், 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் பவளங்களையும் பவளப்பாறைகளையும் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. உலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவதாக இன்றும் எண்ணப்படுவது அதுவே. அறிஞர்கள் அங்கே கூடியிருந்த காலத்தில், அதே வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளக்கல் வெட்டி வள்ளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் கல் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் போனது. வெட்டினால் பாறை குறையும், பாறை குறைந்தால் மீன் குறையும் என்ற எச்சரிக்கை அறிவியல் இதழ்களில் அச்சாகியும், வெட்டு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடியது. ஆய்வு இருந்தது. அதைச் சட்டமாகவும் கண்காணிப்பாகவும் மாற்றும் ஆட்கள் இல்லை. அவர்களை உருவாக்கும் படிப்பும் அப்போது இல்லை.

பல்கலைக்கழகம் கடலுக்கு வந்தது வேளாண்மையின் வழியாக. கோயம்புத்தூரில் 1971இல் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குடையின் கீழ் கோவில்பட்டி நிலையம் வந்தது. அதே பல்கலைக்கழகம் 1977இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியைத் திறந்தது. மங்களூரில் 1969இல் தொடங்கிய கல்லூரிக்குப் பிறகு நாட்டின் முன்னோடி மீன்வளக் கல்லூரிகளில் இதுவும் சேர்ந்தது. உழவுக்குப் படித்தவர்களை உருவாக்கிய முறையிலேயே, வகுப்பறையோடு பண்ணையும் ஆய்வகமும் விரிவாக்கப் பணியும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பு மீனுக்கும் வகுக்கப்பட்டது. 1989இல் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியாகப் பிரிந்தபோது மீன்வளக் கல்லூரி அதோடு போனது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் உருவானபோது அதற்கு மாறியது. ஆக, கரிசலை ஆராய்ந்த நிலையமும் கடலைக் கற்பித்த கல்லூரியும் ஒரே நிர்வாகத்தில் இருந்தது பன்னிரண்டு ஆண்டுகள் மட்டுமே. துறைவாரிப் பிரிவு நிர்வாகத்துக்கு வசதி. வைப்பாற்றுக்கு அந்த வசதி தெரியாது.

1980களில் பார்வை மாறத் தொடங்கியது. 1986இல் 21 தீவுகளையும் சுற்றுக்கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி தனி மாவட்டமாகி, கோவில்பட்டியும் அதற்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று வரைந்து காட்ட ஆள் வேண்டுமே! மீன், சிப்பி மட்டும் படித்தவர்களோடு கரையின் மண், அலை, செயற்கைக்கோள் படம் ஆகியவற்றைப் படித்தவர்களும் தேவைப்பட்டது அப்போதுதான். 1990இல் திருநெல்வேலியில் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கடற்கரை மாற்றங்களை ஆராயும் துறைகளை வளர்த்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் அந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு முனைவர் பட்ட மாணவர்களைப் பவளப்பாறைகளுக்கு அனுப்பியது.

அந்த மாணவர்கள் கற்ற வேலை வெளிப்பார்வைக்கு எளிது. கடலடியில் இருபது மீட்டர் நாடாவைப் பாறை மேல் விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எத்தனை சென்டிமீட்டர், செத்தது எத்தனை, பாசி எத்தனை, மணல் எத்தனை என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே நீந்த வேண்டும். தண்ணீர் கலங்கினால் நாடாவே தெரியாது. இப்படித் தீவு தீவாக அளந்ததில், 2000களின் நடுவில் வளைகுடாவின் பாறைப் பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர் என்றும், அதில் 32 சதுர கிலோமீட்டர் பெரும்பாலும் பவளக்கல் வெட்டியதால் சிதைந்துவிட்டது என்றும் கணக்கு வந்தது. 117 வகைப் பவளங்கள் பட்டியலாயின. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கரைக்கு முன்னால் பாறை இருப்பதன் மதிப்பு ஊராருக்கும் உறைத்தது. 2005இல் பவளக்கல் வெட்டுவது ஏறக்குறைய நின்றது. விஞ்ஞானி நாடாவில் அளந்ததை அலை ஒரே காலையில் சொல்லிவிட்டது என்பது கசப்பான உண்மை.

1990களில் கிழக்குக் கடற்கரை நெடுக வந்த இறால் பண்ணைகள் வேறொரு பாடம். மீன்வளப் பட்டதாரிகளுக்கு அப்போது வேலை எளிதாகக் கிடைத்தது. உப்பாகிப்போன குடிநீர்க் கிணறுகளைப் பற்றிய புகார்களும் கூடவே எழுந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பெருவாரிப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகு உற்பத்தியோடு கழிவுநீர், அனுமதி, தாங்குதிறன் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம்பிடித்தன.

பயிற்சி கல்லூரி வளாகத்தோடு நிற்கவில்லை. தருவைக்குளத்தில் மீன்வளக் கல்லூரியின் கடல்நீர்ப் பண்ணை மாணவர்களுக்கும் மீனவர்களுக்கும் செய்முறைக் களமாயிற்று. 2000களில் உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு இயங்கிய மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, கரையோர ஊர்களில் குழுக்கள் அமைத்து மாற்றுத் தொழில் பயிற்சியும் கடன் உதவியும் கொடுத்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கடல் மேலாண்மை நிறுவனமும், அதே வளாகத்தில் பின்னர் வந்த தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையமும் இந்தத் துறையை மாநில, தேசிய அளவுக்குக் கொண்டுபோயின.

இதற்கிடையே கோவில்பட்டி நிலையம் 1970களின் தொடக்கத்திலிருந்து அகில இந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தின் மையமாகவும் செயல்பட்டது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு கரிசலின் பழைய வழக்கம். விதையைக் கடினப்படுத்தி, பட்டம் பார்த்து அதைத் திருத்தியமைத்தது இந்த நிலையம். நிலத்தைச் சிறு சிறு பகுதிப் பாத்திகளாகப் பிரித்து மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்துவதும், மிஞ்சியதைப் பண்ணைக் குட்டையில் சேர்ப்பதும் அதன் முக்கியப் பரிந்துரைகள். இவையெல்லாம் விளைச்சலுக்காகச் சொல்லப்பட்டவை. ஆனால் பாத்தியில் தங்கும் கரிசல் மண் ஓடைக்குப் போகாத மண். ஓடைக்குப் போகாத மண் கடலில் போய்ப் பவளத்தின் மேல் படியாது. கரைக்கு நன்மை செய்த இந்த ஆய்வு, கடலோர மேலாண்மை என்ற தலைப்பில் வரவு வைக்கப்படவில்லை.

பாறை குறைந்ததன் விலையைத் தீவுகள் கொடுத்தன. 21இல் இரண்டு, அதாவது பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு சில பத்தாண்டுகளில் சுமார் 16 ஹெக்டேரிலிருந்து 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. 2015 முதல் சென்னை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை அதன் கடல்பக்கம் இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து மணல் மறுபடி சேர்ந்தது. 2016இல் கடல் சூடேறியபோது வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23க்கு இறங்கியதும் நாடா விரித்துப் பாறைகளை அளந்தவர்களின் பதிவேட்டில் இருக்கிறது. கான்கிரீட்டால் தடுக்க முடியாத சேதம் அது.

2023 டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை, கரிசலும் கரையும் ஒரே வடிநிலம் என்பதைக் கணக்கோடு காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. கோவில்பட்டி, கயத்தாறு பக்கத்துக் கரிசலில் பெய்த மழை ஓடைகளில் வெள்ளமாகத் திரண்டு கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, கரை உடைந்து தூத்துக்குடி நகருக்குள் புகுந்தது. நகரைச் சூழ்ந்த நீரின் கணிசமான பங்கு மானாவாரிக் காடுகளிலிருந்து வந்தது. அந்த நீரின் தொடக்கத்தை அளந்துவருவது கோயம்புத்தூரின் கீழுள்ள ஒரு நிலையம். அது போய்ச் சேர்ந்த கடலைக் கற்பிப்பது நாகப்பட்டினத்தின் கீழுள்ள ஒரு கல்லூரி.