ஈ, தா, கொடு: அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே இடர்க்கால உதவித்தொகையின் வரலாறு

முன்னுரை

ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுதற்குரிய சொற்களாக ஈ, தா, கொடு என்னும் மூன்றனைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்துக் காட்டுகிறார். கொடுப்பவனினும் தாழ்ந்தவன் 'ஈ' என்றும், அவனோடு ஒத்தவன் 'தா' என்றும், அவனினும் உயர்ந்தவன் 'கொடு' என்றும் கேட்பான் என்பது அவர் கூறும் இலக்கணம். கேட்கப்படும் பொருள் ஒன்றேயாயினும், இருவர்க்கும் இடையிலுள்ள உறவு சொல்லை மாற்றிவிடுகிறது. தமிழாசிரியர்கள் வகுப்பறையில் பன்முறை விளக்கியிருக்கக்கூடிய இப்பாகுபாடு, சமூக வரலாற்றை ஆராய்வோர்க்கும் பயன்படும் என நாம் கருதுகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கறுப்பினத்தவரிடையே வழங்கிவந்த இடர்க்கால உதவித்தொகையின் வரலாற்றை இப்பாகுபாட்டின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நோய், இறப்பு, வேலையிழப்பு, உணவின்மை முதலியவற்றால் நலிவுற்ற ஒருவர் கையில், திருப்பிச் செலுத்த வேண்டாத பணமாகச் சேரும் உதவியையே நாம் இங்கு இடர்க்கால உதவித்தொகை எனக் குறிக்கிறோம். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் கறுப்பினத்தவர்க்கெனத் தனியே திரட்டப்பட்ட நிதிகள் பரவலாகப் பேசப்பட்டன. பலர் அவற்றைப் புதுமையெனக் கருதினர். எனினும், அவற்றின் வேர் அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கும் முற்பட்டது.

பிலடெல்பியாவின் மாதச் சந்தா

1787ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் பிலடெல்பியா நகரில் 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' தோற்றுவிக்கப்பட்டது. அதனை நிறுவியோருள் முதன்மையானவர்கள் ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் ஆகிய இருவர். இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஆலன் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றார். ஜோன்ஸ் முதலில் தம் மனைவியின் விடுதலையை விலைக்கு வாங்கினார். பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது அக்காலச் சட்டமாதலின், மக்கள் அடிமைகளாகப் பிறவாதிருக்க அதுவே வழியாக இருந்தது.

சங்கத்தின் விதிகள் எளியவை. ஒவ்வோர் உறுப்பினரும் மாதந்தோறும் ஒரு வெள்ளி ஷில்லிங் செலுத்த வேண்டும். ஓராண்டு நிறைந்தபின், வறுமையுற்ற உறுப்பினர்க்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் வழங்கப்படும். இறந்த உறுப்பினரின் கைம்பெண்ணுக்கும் உதவி உண்டு. தந்தையற்ற பிள்ளைகளின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் சங்கம் பொறுப்பேற்கும். குடிப்பழக்கமும் ஒழுங்கீனமும் உடையோர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. தம் சொந்தப் பொறுப்பின்மையால் வறுமையை வருவித்துக்கொண்டவர்க்கு உதவி கிடையாது என்பதும் விதிகளுள் ஒன்று.

இவ்விறுதி விதி நாம் ஊன்றி நோக்கத்தக்கது. உதவிக்குத் தகுதியுடையவர் யார் என்னும் வினா இங்கும் எழுந்தது. ஆயினும் அதற்கு விடை சொன்னவர்கள் அதே ஒரு ஷில்லிங்கைச் செலுத்தியவர்கள். நாளை தாமும் கை நீட்ட நேரலாம் என அறிந்தவர்கள். இது 'தா' என்னும் ஒப்போர் கூற்றுக்கு உரிய உறவாகும்.

1793இல் அந்நகரை மஞ்சள் காய்ச்சல் தாக்கியபோது ஆலனும் ஜோன்ஸும் தம்மவரைத் திரட்டி நோயாளரைப் பேணினர். பிணங்களை அடக்கம் செய்தனர். நோய் தணிந்தபின், மேத்யூ கேரி என்னும் பதிப்பாளர், கறுப்பினத்தவருள் சிலர் மிகுதியான கூலி பறித்ததாக எழுதினார். அதற்கு மறுப்பாக இருவரும் 1794இல் வெளியிட்ட சிறு நூலில் வரவு செலவுக் கணக்கையே முன்வைத்தனர். பெற்ற தொகை 233 பவுன் 10 ஷில்லிங் 4 பென்ஸ். பிணப்பெட்டிகளுக்கும் ஐந்து ஆட்களின் கூலிக்குமாகச் செலவு 411 பவுன். ஆகவே கைப்பொருள் இழப்பு 177 பவுன் 9 ஷில்லிங் 8 பென்ஸ். உயிரைப் பணயம் வைத்து உதவியவர்களே தம் நேர்மையைக் கணக்குக் காட்டி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவர் கையாளும் பணத்தின் மீது விழும் இவ்வையப் பார்வை, பின்வந்த இரு நூற்றாண்டுகளிலும் நீங்கவில்லை.

கடன் கொடுத்தவர் நிலையில் நின்ற சலவைத் தொழிலாளி

1865இல் உள்நாட்டுப் போர் முடிவுற்று அடிமைமுறை ஒழிந்தது. அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற விடுதலையாளர் சேமிப்பு வங்கி, 1874இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 61,000 பேரின் சேமிப்பாக இருந்த சுமார் 30 இலட்சம் டாலர் முடங்கியது. அரசின் ஆதரவு பெற்றது என நம்பப்பட்ட அவ்வங்கியின் வீழ்ச்சிக்குப் பின், சிறு சங்கங்களின் மீதே மக்கள் மேலும் சார்ந்து நின்றனர்.

அத்தகைய சங்கங்களுள் ஒன்று தனித்துச் சுட்டத்தக்கது. டென்னசி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த காலி ஹவுஸ், கணவரை இழந்து, நாஷ்வில் நகரில் துணி வெளுத்துப் பிழைத்தவர். ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். இவரும் ஐசையா டிக்கர்சனும் முன்னின்று நடத்திய 'முன்னாள் அடிமைகள் தேசியப் பரஸ்பர உதவி, ஓய்வூதியச் சங்கம்' 1898இல் பதிவு பெற்றது. சேர்வதற்கு 25 காசு. மாதச் சந்தா 10 காசு. கிளைகள் அப்பணத்தைக் கொண்டு நோயுற்றோரைப் பேணின. இறந்தோரை அடக்கம் செய்தன. இது 'தா' என்னும் பழைய நெறியே.

அதே சங்கம் மற்றொரு கோரிக்கையையும் எழுப்பியது. ஊதியமின்றி உழைத்த ஆண்டுகளுக்கு ஈடாக அரசு ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்பது அது. 1890இலேயே இதற்கென ஒரு சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தது. 70 வயதைக் கடந்த முன்னாள் அடிமைக்கு உடனடியாக 500 டாலரும், பின்னர் மாதம் 15 டாலரும் வழங்குக என்று அது கூறியது, அது நிறைவேறவில்லை. காலி ஹவுஸின் சங்கம் இக்கோரிக்கையை ஊர்தோறும் கொண்டு சென்றது. 1915இல் சங்கத்தின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு, 1862 முதல் 1868 வரை பருத்தி வரியாக அரசு திரட்டிய 6 கோடியே 80 இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் குறிப்பிட்டு, அது அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என வாதிட்டது. கடன் கொடுத்தவர் கடனாளியிடம் பேசும் பேச்சு இது. தொல்காப்பியர் வகுத்த 'கொடு' இதுவே எனலாம். அரசின் இசைவின்றி அரசின் மீது வழக்குத் தொடர இயலாது என்று கூறி நீதிமன்றம் அதனைத் தள்ளியது.

அஞ்சல் துறையோ 1899 முதலே சங்கத்தின் அஞ்சலைத் தடுத்து வந்தது. ஓய்வூதியம் ஒருபோதும் கிடைக்கப்போவதில்லை. ஆகவே அதன் பெயரால் சந்தா திரட்டுவது மோசடி என்பது அதிகாரிகளின் வாதம். அதாவது, தான் தரப்போவதில்லை என்பதனையே அரசு குற்றத்திற்குச் சான்றாக்கியது. 1917இல், வெள்ளை ஆடவர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு காலி ஹவுஸைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1928இல் அவர் காலமானார்.

சல்லடையின் துளைகள்

1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர்க்கும் வேலையிழந்தோர்க்கும் பணமாக உதவி வழங்கும் முறையை அந்நாடு முழுவதும் நிறுவியது. ஆயின், முதியோர் காப்புறுதியிலிருந்தும் வேலையிழப்புக் காப்புறுதியிலிருந்தும் வேளாண் தொழிலாளரும் வீட்டுவேலை செய்வோரும் விலக்கப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் அவ்விரு பிரிவுகளில் அடங்குவர். வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் அவ்வாண்டு மேலவைக் குழுவின்முன் சான்றளித்தபோது, இச்சட்டத்தைக் கறுப்பினத்தவர் விழுவதற்கென்றே துளையிட்ட சல்லடைக்கு ஒப்பிட்டார்.

எஞ்சியது, வறிய தாய்மார்க்கும் குழந்தைகளுக்குமான உதவி. அதனை யாருக்கு வழங்குவது என்பது மாநிலங்களின் முடிவுக்கு விடப்பட்டது. இங்கேதான் கேட்பவர் 'ஈ' என்னும் இழிந்தோர் நிலைக்குத் தள்ளப்படுவதை நாம் காண்கிறோம். அதிகாரிகள் நள்ளிரவில் வீடு புகுந்து, ஆடவர் எவரேனும் உளரா எனத் தேடினர். 1960இல் லூசியானா மாநிலம், மணவுறவின்றிக் குழந்தை பெற்ற தாயின் இல்லம் 'தகுதியற்றது' எனக் கூறி, ஏறத்தாழ 23,000 குழந்தைகளை உதவிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் குழந்தைகள்.

வாக்குரிமை கோரியோரை ஒடுக்குதற்கும் உதவியை நிறுத்துதல் கருவியாயிற்று. 1962 அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தின் லெஃப்ளோர் வட்டாரம், கூட்டரசு வழங்கிய மிகை உணவுப் பொருள் விநியோகத்தை நிறுத்தியது. ஏறத்தாழ 22,000 பேர் அதனை நம்பியிருந்தனர். அப்பசியைத் தணிக்க வட மாநிலங்களிலிருந்து தன்னார்வலர் உணவு திரட்டி அனுப்பினர். இதற்கு முன்பே, 1955இல், இதே மாநிலத்தில் உரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டோரின் கடன் வசதிகளை வெள்ளையர் மன்றங்கள் முடக்கியபோது, மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவர் நடத்திய டிரை ஸ்டேட் வங்கியில் நாடெங்குமுள்ள அமைப்புகள் பணம் வைப்புச் செய்து, அவ்விடர்ப்பட்டோர்க்குக் கடன் கிடைக்கச் செய்தன. அரசின் கதவு அடைபடுந்தோறும் பிலடெல்பியாவின் பழைய நெறி உயிர்பெற்றதை இவை காட்டுகின்றன.

மீண்டும் 'கொடு'

1963இல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் உதவித்தொகை பெறும் தாய்மார் சங்கம் ஒன்றை ஜானி டில்மன் அமைத்தார். பருத்தி பறித்தும், பின்னர்ச் சலவை நிலையத்தில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டும் வாழ்ந்தவர் இவர். காலி ஹவுஸைப் போலவே சலவைத் தொழிலிலிருந்து இவரும் வந்தமை நினைவுகூரத்தக்கது. ஜார்ஜ் வைலி என்னும் வேதியியல் பேராசிரியரின் முயற்சியால் இத்தகைய சங்கங்கள் ஒன்றிணைந்து 'தேசிய நலவுதவி உரிமை அமைப்பு' உருவாயிற்று. டில்மன் அதன் தலைவரானார்.

அவ்வமைப்பு கையாண்ட வழி ஆராயத்தக்கது. குளிர்கால மேலாடை, கட்டில், சமையற்கலம் போன்றவற்றிற்குச் சிறப்பு உதவித்தொகை பெற நியூயார்க் நகர விதிகளில் இடமிருந்தது. பெறுவோர்க்கு அது சொல்லப்படவில்லை. அமைப்பினர் அவ்விதிகளைத் தேடியெடுத்துப் பட்டியலிட்டு, தாய்மார் கையில் கொடுத்தனர். அவர்கள் தமக்கு இல்லாதவற்றைக் குறித்துக்கொண்டு அலுவலகங்களுக்குத் திரளாகச் சென்றனர். புதிய சட்டம் எதனையும் அவர்கள் கேட்கவில்லை. இருக்கும் விதியைப் படித்துக் காட்டினர். அதன் விளைவாக நகரம் பெருந்தொகை வழங்க நேர்ந்தது. 1968இல் சிறப்பு உதவி முறையே நீக்கப்பட்டு, அனைவர்க்கும் ஒரே சீரான தொகை என்னும் முறை வந்தது.

நீதிமன்றத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. 1970இல் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில், பெறுபவரின் தரப்பைக் கேளாமல் உதவியை நிறுத்தலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வுதவியை அருட்கொடை என்பதினும் உடைமை போன்றது எனக் கருதுவதே பொருந்தும் என்றும் அது குறிப்பிட்டது. ஆயினும் இந்நிலை நீடிக்கவில்லை. நிதி நெருக்கடியால் அமைப்பு 1975இல் கலைந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம், வறிய குடும்பங்கள் பணவுதவி பெறுவதை உரிமை என்னும் நிலையிலிருந்து அகற்றியது.

அண்மைக்கால நிகழ்வுகள்

2018இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 'மேக்னோலியா தாய்மார் அறநிதி' தொடங்கப்பட்டது. அரசு மானிய வீடுகளில் வாழ்ந்த 20 கறுப்பினத் தாய்மார்க்கு ஓராண்டுக் காலம் மாதம் 1,000 டாலர், எவ்வித நிபந்தனையுமின்றி வழங்கப்பட்டது. இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரமன்றம், கஞ்சா விற்பனை வரியிலிருந்து 1 கோடி டாலரை ஒதுக்க 2019இல் முடிவு செய்தது. 1919 முதல் 1969 வரை நிலவிய வீட்டுவசதிப் பாகுபாட்டிற்கு ஈடாக, அக்காலத்து வாழ்ந்த கறுப்பினத்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் தலா 25,000 டாலர் வழங்கும் திட்டத்தை 2021இல் ஏற்றது. முதலில் வீட்டுச் செலவுக்கு மட்டும் என்றிருந்த அத்தொகையைப் பணமாகவும் பெறலாம் என 2023இல் விதி திருத்தப்பட்டது.

இவற்றிற்கு எதிர்ப்பும் வலுத்தது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோர்க்கு 20,000 டாலர் நல்கை வழங்கிய அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் நிதியத்தின் மீது 2023இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அது இடர்க்கால உதவி அன்றெனினும், வழக்கின் அடிப்படை நம் ஆய்வுக்கு நேரடித் தொடர்புடையது. வழக்குத் தொடுத்தோர் கையிலெடுத்தது 1866ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். விடுதலை பெற்ற அடிமைகளும் வெள்ளையரைப் போன்றே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்பதற்காக இயற்றப்பட்டது அது. நல்கையைக் கொடையாகக் கொள்ளாமல் ஒப்பந்தமாகக் கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2024 ஜூனில் அதற்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சமரசத்தின்பேரில் அந்நல்கைத் திட்டம் மூடப்பட்டது.

முடிவுரை

ஈ, தா, கொடு என்னும் வரிசை தொல்காப்பியத்தில் தாழ்விலிருந்து உயர்வு நோக்கிச் செல்கிறது. நாம் கண்ட வரலாறு அவ்வாறு செல்லவில்லை. அது 'தா' எனத் தொடங்கியது; 'கொடு' என உயர்ந்தபோது சிறையில் முடிந்தது; அரசு வழங்கத் தொடங்கியபோது 'ஈ' எனத் தாழ்த்தப்பட்டது; மீண்டும் 'கொடு' என எழுந்து, மீண்டும் அடங்கியது. வறியவர்க்கு அரசின் உதவி கிட்டுவதே முன்னேற்றம் என்னும் பொதுக் கருத்தை இவ்வரலாறு மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. எவ்வளவு தரப்பட்டது என்பதோடு, எந்நிலையில் நின்று கேட்க நேர்ந்தது என்பதனையும் வரலாற்றாசிரியர் கணக்கிட வேண்டும்.

ஒன்று மட்டும் இடையறாது நீடித்தமை தெளிவு. மாதம் ஒரு ஷில்லிங், மாதம் 10 காசு எனத் தம்மிடமிருந்ததைத் தொகுத்த மக்கள், பிறர் கொடுக்க மறுத்த காலங்களிலும் தம்முள் ஒருவர்க்கொருவர் கொடுத்தே வந்தனர். கேட்பவரும் கொடுப்பவரும் இடம் மாறக்கூடும் என்னும் அறிவே அச்சங்கங்களின் முதலீடாக இருந்தது. அவ்வறிவு இல்லாத இடத்தில், தொகை எவ்வளவாயினும், கேட்பவர்க்கு 'ஈ' என்னும் ஒரு சொல்லே எஞ்சும் என்பது இவ்வாய்வின்வழி நாம் கண்ட முடிவாகும்.