அணு உலையும் தணிப்பானும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை

ஹேவாஹெட்ட மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் மகாவலியைச் சென்றடைகின்றன. அம்மகாவலியை மறித்து 1985 இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு 210 மெகாவாட். கடலுக்கு அப்பால் தமிழகத்தின் கூடங்குளத்தில், 2013 இல் மின்வலையமைப்புடன் இணைக்கப்பட்ட முதலாவது அணு உலையின் கொள்ளளவோ 1000 மெகாவாட். எமது தீவுக்கு இத்துணை அருகில் இயங்கும் உலை குறித்து அச்சம் எழுவது இயல்பே. ஆயினும் அச்சத்திற்கு முன் அறிவு வேண்டும்.

யுரேனியம் 235 இன் அணுக்கரு ஒரு நியூத்திரனை ஏற்றுப் பிளவுறும்போது வெப்பமும், இரண்டு அல்லது மூன்று புதிய நியூத்திரன்களும் வெளிப்படுகின்றன. இவை வேறு கருக்களைப் பிளந்தால் தொடர்வினை நிகழும். ஆனால், புதிதாகப் பிறக்கும் நியூத்திரன்கள் வினாடிக்குப் பல்லாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் பாய்பவை. அவ்வேகத்தில் யுரேனியம் 235 ஐப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வினாடிக்குச் சுமார் 2 கிலோமீற்றராக வேகம் தணிந்த பின்னரே அவ்வாய்ப்புப் பன்மடங்காகிறது. இவ்வேகத் தணிப்பைச் செய்யும் பொருளே மொடரேட்டர் எனப்படும் தணிப்பான்.

பெயரைக் கேட்டு, இது உலையின் வெப்பத்தைத் தணிப்பது எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் தணிப்பான் இன்றேல் இத்தகைய உலையில் வினையே தொடராது. வினையைக் கட்டுப்படுத்துபவை, நியூத்திரன்களை விழுங்கும் போரன், கட்மியம் போன்றவற்றாலான கட்டுப்பாட்டுக் கோல்களே.

கரம் பலகையில் ஒரு காய் தன்னையொத்த காயை நேராக மோதினால் தன் வேகத்தை இழக்கும். பலகையின் விளிம்பில் மோதினால் திரும்பிப் பாயும். நியூத்திரனுக்கு ஏறத்தாழ நிகரான திணிவு கொண்டது ஐதரசன் கரு. ஆதலால் சாதாரண நீர் சிறந்த தணிப்பானாகிறது. எனினும் அது சில நியூத்திரன்களை உறிஞ்சிவிடுவதால் செறிவூட்டிய யுரேனியம் தேவைப்படுகிறது. கூடங்குளத்தின் முறை இதுவே. 1984 இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தின் உலைகள் கனநீரைப் பயன்படுத்துவன. கனநீர் மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் இயற்கை யுரேனியமே போதுமாகிறது.

தணிப்பானின் தேர்வு பாதுகாப்பையும் பாதிக்கிறது. 1986 இல் வெடித்த செர்னோபில் உலையில் காரியம் தணிப்பானாகவும் நீர் குளிரூட்டியாகவும் இருந்தன. நீர் ஆவியானபோது நியூத்திரன் உறிஞ்சல் குறைந்தது. காரியமோ தன் பணியைத் தொடர்ந்தது. வினை கட்டுமீறியது. கூடங்குளத்தில் இரு பணிகளையும் நீரே செய்வதால், நீர் இழக்கப்பட்டால் தொடர்வினை ஓய்ந்துவிடும்.

ஆனால் அபாயம் அத்துடன் தீர்ந்துவிடாது. வினை நின்ற கணத்திலும் முழு வெப்பத்தின் ஏறத்தாழ 6 வீதம் கதிரியக்கச் சிதைவால் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். 2011 மார்ச்சில் புகுஷிமாவில் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தின்போது உரியவாறு நின்றன. ஆழிப்பேரலை குளிரூட்டலுக்கான மின்சாரத்தைத் துண்டித்தமையாலேயே அவை உருகின.

எனவே அயல்நாட்டு உலை பற்றியோ, இலங்கையில் இடையிடையே எழும் அணுமின் யோசனை பற்றியோ நாம் கேட்கவேண்டிய முதல் வினா, ‘உலை நின்றபின் அதனைக் குளிர்விக்க என்ன ஏற்பாடு?’ என்பதாகும். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை அமைக்கப்பட்டுள்ளது. இத்தகைய விளக்கங்கள் தமிழிலும் மக்களைச் சென்றடைய வேண்டும். ஹேவாஹெட்ட தோட்டப் பாடசாலையில் பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவரும் இவ்வினாவை எழுப்பக்கூடியவராக வேண்டும் என்பதே எமது அவா.