ஒரே சாடியில் இரு பருவங்கள்

மலரோவியம் என்றாலே அதனை வெறும் அலங்காரமென எண்ணிக் கடந்து செல்வோர் பலர். ஐரோப்பியக் கலைநூலாரும் 17-ஆம் நூற்றாண்டில் வரலாற்று ஓவியத்தை முதலிலும், மலர், கனி முதலியவற்றைத் தீட்டுதலைக் கடையிலும் வைத்தனர். இவ்வரிசை பொருந்துமா என்பதை ஆராய, டச்சு ஓவியர் ராகேல் ரொய்ஸ் அம்மையாரின் (1664–1750) படைப்புகள் தக்க சான்றாகும்.

அம்மையாரின் தந்தை பிரடரிக் ரொய்ஸ், ஆம்ஸ்டர்டாமில் உடற்கூற்று அறிஞராகவும் தாவரவியல் பேராசிரியராகவும் விளங்கியவர். அவர் பதப்படுத்தித் தொகுத்த அரும்பொருள்களை ருசியப் பேரரசர் பீட்டர் 1717-இல் விலைக்கு வாங்கினார். அச்சூழலில் வளர்ந்த மகள், பதினைந்தாம் வயதில் வில்லம் வான் ஆல்ஸ்ட் என்பாரிடம் ஓவியம் பயிலச் சேர்ந்தார்.

அவர் கையாண்ட முறை யாது? பின்புலம் பெரும்பாலும் இருள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வந்து, நடுவிலுள்ள வெளிர்நிற மலர்கள்மீது விழுகிறது; ஓரத்து மலர்கள் மெல்ல இருளில் மறைகின்றன. காம்புகள் வளைந்து சாய்வதால் சாடி அசைவது போன்ற தோற்றம் பிறக்கிறது. வசந்தத்து டியூலிப்பும் கோடை மலரும் ஒரே சாடியில் நிற்கின்றன. அவ்வாறானதொரு கொத்து அக்காலத்தில் எந்த வீட்டு மேசையிலும் இருந்திருக்க இயலாது. ஆகவே, கண்டதைக் கண்டவாறே எழுதியதாகத் தோன்றும் இவ்வோவியம், உண்மையில் சிந்தித்து அமைத்ததேயாம்.

இனி, உணர்ச்சியைக் காண்போம். தலை சாய்ந்த மலரும் புழு அரித்த இலையும் நிலையாமையை உணர்த்தும் என்பர். டச்சு மரபில் மண்டையோடும் மணற்கடிகாரமும் வரைந்து அக்கருத்தைப் புலப்படுத்தியோர் உளர். ஆனால் ரொய்ஸ் அம்மையாரின் சாடியருகே காணப்படுபவை பெரும்பாலும் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் புழுவுமே. முழுதாய் மலர்ந்த ரோசாவுக்குக் காட்டிய அதே பொறுமையை அரிபட்ட இலைக்கும் காட்டியுள்ளார். அழிவை அஞ்சும் கை அவ்வாறு எழுதாது; உயிர் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை அறிந்த கையே அவ்வாறு எழுதும். ஆதலின், துயரத்தினும் அறிவின் அமைதியே அங்கு மிகுதி எனலாம்.

1693-இல் மணம் புரிந்து, பத்து மக்களைப் பெற்ற அவர், 1701-இல் ஹேக் நகர ஓவியர் சங்கத்தில் இடம்பெற்றார். 1708-இல் டூசல்டார்ப் அரசவை ஓவியரானார். 1747-இல் தீட்டிய ஓவியத்தில் தம் பெயருடன் 83 என்று வயதையும் பொறித்தார்.

எனவே, மாணவரிடம் மலரோவியத்தைக் காட்டும் ஆசிரியர், "இதன் கருத்து யாது?" என்று முதலில் வினவ வேண்டுவதில்லை. "ஒளி எப்பக்கத்திலிருந்து வருகிறது? எந்த இலை அரிபட்டுள்ளது?" என்று வினவுக. கருத்து தானே பின்வரும்.